எடைக்கு எடை உப்பு

எங்கள் தெருவில் முதலில் உடைந்தது பிளாரன்ஸ் அக்காவின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கடுத்த வாரம் எங்கள் வீட்டுக் கட்டிலின் ஒரு கால், அதற்கடுத்துத் தெருமுனையில் சிலுவை நட்ட குருசடிக்கு எதிரே சாக்கடையை மூடியிருந்த கல் பலகை, அதற்கும் அடுத்து ஷேர் ஆட்டோவின் பின்பக்க ஸ்பிரிங். நாலுமே நான் உட்கார்ந்ததாலோ நின்றதாலோ உடைந்தவை, நாலு தடவையும் நான் தலைப்பிள்ளை பெற்ற உடம்பு தேறாமல் மெலிந்துபோய், கண்ணாடி வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஏறி இறங்குகிற கோலத்தில்தான் இருந்தேன்.

“நெத்திலிக் கருவாடு மாதிரி இருந்துக்கிட்டு நாற்காலியை எப்படிட்டி உடைச்ச?” என்று பக்கத்து வீட்டுப் பிளாரன்ஸ் அக்கா என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பொரி மூட்டை மாதிரி எழும்பினேன். அவள் கீழே விட்டதும் தரை ஓடு விரிசல் விட்டது. தெருவுக்கு அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது: என் எடை மனிதர்களுக்குத் தெரியாது, பொருட்களுக்குத்தான் தெரியும். துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கிற தெரு எங்களுடையது. கடலுக்குப் போனவன் மூன்று வருடம் கழித்துச் சம்பந்தமில்லாத ஒரு கரையில் இறங்கி நடந்து வந்ததையெல்லாம் பார்த்தவர்கள், இதற்குப் போய் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்களா? “உன் உடம்பு வாகு அப்படி” என்றார்கள். அந்த விரிசலை மாமி கோலமாவால் மறைத்தாள். மாமி என்றால் என் கணவர் கஸ்பாரின் அம்மா. அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர், அப்போது போய்ப் பத்து மாதம்.

அங்கன்வாடி சண்முகக்கனி டீச்சர் மட்டும்தான் இதை நோட்டில் எழுதினார். பேறுகாலத்துக்கு முன்னால் ஐம்பத்திரண்டு கிலோ, பிள்ளைக்கு மூன்று மாதமானபோது எழுபத்தெட்டு, ஐந்தாம் மாதம் நூற்றுப் பத்து. டீச்சருக்கு மிஷின் முள்ளைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது, முகத்தைப் பார்க்க இல்லை. “சோத்தைக் குறைம்மா, கொள்ளு வேகவெச்சுத் தின்னு, காலைல நட” என்றார். நான் சோற்றைக் குறைத்தேன், குறைக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, நின்றபடி இரண்டு வாய் தின்பதை ஒரு வாயாக்கினேன், கொள்ளு தின்றேன், கடற்கரையில் வாக்கிங் போகிற பெண்களோடு மாமியிடம் பிள்ளையை விட்டுவிட்டு இருபது நிமிடம் நடந்தேன். அவர்கள் மிதித்த இடத்தில் நண்டு ஓடியது, நான் மிதித்த இடத்தில் தண்ணீர் ஊறி நண்டு குளித்தது.

டாக்டர் ரத்தம் எடுத்தார், தைராய்டு பார்த்தார், சர்க்கரை பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். “தூக்கம் இல்லாம, டென்ஷனா இருந்தா உடம்பு எதையும் விடாது, எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். நல்லாத் தூங்குறீங்களா?” என்று கேட்டார்.

“தூங்குறேன் டாக்டர்” என்றேன். எனக்குக் கீழே இருந்த இரும்பு ஸ்டூல் முனகியது.

தெரு என்னைப் பழகிக்கொண்ட விதம்தான் விசேஷம். ஆடிக் காற்றில் கல்யாணப் பந்தலின் தார்ப்பாய் பறக்கப் பார்த்தபோது, “ஜெசிந்தாவைக் கூப்பிடு” என்று ஆள் அனுப்பினார்கள், நான் அதன் ஒரு மூலையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாலி கட்டி முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். மண் நிரப்பிய வாசல்களைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவதற்குப் பதிலாக என்னை நாலு தடவை குறுக்கும் நெடுக்கும் நடக்கச் சொன்னார்கள், நடந்து முடித்ததும் காப்பி கொடுத்தார்கள். ஆட்டோக்காரர்கள் என்னை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் ஒல்லியானவர்களை ஏற்றினார்கள். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை, கேலியைப் பிளாரன்ஸ் அக்கா மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

அவள்தான் என்னை மீன் ஏலக்கூடத்துத் தராசுக்குக் கூட்டிப்போனவள், ஏனென்றால் அங்கன்வாடி மிஷின் நூற்று முப்பதுக்கு மேல் பார்க்காது. சூறை மீன் நிறுக்கிற இரும்பு மேடையில் ஏறி நின்றேன். சிவப்பு எண்கள் நூற்று அறுபத்திமூன்று என்று நின்றன. அதே நேரம் போன் அடித்தது. சிங்கப்பூருக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பேசினார்.

“எப்படி இருக்க, ஜெசி?”

“நல்லாருக்கேங்க.”

நூற்று அறுபத்தைந்து.

“பிள்ளை?”

“அவளும் நல்லாருக்கா. நீங்க?”

“எனக்கென்ன, நல்லாருக்கேன். கப்பல்தான் சொகமில்ல. பக்கத்துல ஒரு கோடு வரைஞ்சிருப்பான்ல, அதுக்கு மேல தண்ணி ஏறக் கூடாது. நாலு விரக்கடை ஏறிக் கிடக்கு. சரக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆபீசர் தலையைப் பிச்சுக்கிட்டு மறுபடி மறுபடி எண்ணுறார். நீ நல்லாத் தூங்குற இல்ல?”

“தூங்குறேங்க.”

நூற்று அறுபத்தேழரை. பிளாரன்ஸ் அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, “தம்பி, பொறவு பேசு” என்று அணைத்துவிட்டு, என்னையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். “எல, இங்க வாங்கல” என்று ஏலக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்து, “எப்படிம்மா இருக்க?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள், நான் ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னேன், எண் ஒவ்வொரு பதிலுக்கும் ஏறியது. பிறகு அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே தான் ஏறி நின்று, “நான் நல்லாருக்கேன்” என்றான். ஒன்றரைக் கிலோ ஏறியது. சிரிப்பு நின்று இறங்கிப் போய்விட்டான். இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள், இறங்கினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, மீனையும் என்னையும் தவிர வேறெதையும் அந்த மேடையில் ஏற்றவும் இல்லை.

பிளாரன்ஸ் அக்கா தெருவுக்கு உத்தரவு போட்டாள்: ஜெசிந்தாவிடம் யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது. தெரு கீழ்ப்படிந்தது. பதிலாக எல்லோரும், “சாப்பிட்டியா?” என்று கேட்டார்கள். “சாப்பிட்டேன்” என்பேன். அதுவும் அரைக் கிலோ.

நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் படித்தவள். முட்டிபோட்டு வலித்தாலும், மாதவிலக்கில் வயிறு முறுக்கினாலும், முகம் சுளிக்கக் கூடாது, கீழுதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு அதை, மோட்சத்துக்குப் போகுமுன் வேதனையில் கிடந்து உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடுத்துவிட வேண்டும் என்று சிஸ்டர் ஃபிலோமின் சொல்லிக்கொடுத்தார். முணுமுணுத்தால் ஒப்புக்கொடுத்தது செல்லாது. நான் அதில் கெட்டிக்காரி, பத்தாம் வகுப்பில் அதற்கென்றே எனக்கு நீல ரிப்பன் கட்டிய பதக்கம் குத்தினார்கள். எத்தனை ஆத்துமாக்களை நான் கரையேற்றியிருப்பேனோ தெரியாது, ஒப்புக்கொடுத்த எதுவும் என்னைவிட்டுப் போகவில்லை என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

நான் விழுங்கி வைத்திருந்தது இதுதான். என் மகள் செரஃபினா ஏழாம் மாதத்தில் ஒன்றேகால் கிலோவாகப் பிறந்தாள். அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பகலில், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த நான், கண் அசந்துவிட்டேன். விழித்தபோது நர்ஸ் ஓடிவந்து பெட்டிக்குள் கையை விட்டு பிள்ளையின் பாதத்தைச் சுண்டிக்கொண்டிருந்தாள். செரா நீலமாக இருந்தாள், மூச்சு இல்லை. அருள் நிறைந்த மரியே ஜெபத்தைப் பாதி சொல்லி முடிக்கிற நேரம். பிறகு மூச்சு வந்தது. நர்ஸ் என்னைப் பார்த்து, “தூங்கிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டாள். மாமியிடம் சொல்லவில்லை, அவரிடம் சொல்லவில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட வேறு ஏதேதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அன்றிலிருந்து நான் இடது கையை அவள் நெஞ்சின் மேல் வைத்தபடி படுப்பேன், தூங்க மாட்டேன். கை ஏறி இறங்கும், எண்ணுவேன், ஏறி இறங்கும், எண்ணுவேன். அது நின்றுவிடும் என்கிற பயத்தைத் தவிர அந்த ஒரு வருடத்தில் எனக்கென்று வேறெதுவும் இல்லை.

ஆனால் செரா நன்றாக வளர்ந்தாள். தெருவே மெச்சிய பிள்ளை, ஏனென்றால் அவள் அழவே மாட்டாள். தடுப்பூசி போட்டால்கூட நர்ஸின் முகத்தை உற்றுப் பார்ப்பாள், அவ்வளவுதான். “எம்மாடி, என்ன பொறுமை, அப்படியே அம்மா” என்பார்கள். நாலாம் மாதம் அங்கன்வாடித் தொங்குதராசில் அவளைப் போட்டபோது கொக்கி முறிந்தது, நான் ஏந்திக்கொண்டேன். “உப்புக் காத்துல துரு பிடிச்சிருச்சு” என்றார் டீச்சர். புதுத் தராசு வரவே இல்லை. அதன் பிறகு கைச் சுற்றளவு நாடாவால் அளந்து பச்சையில் இருக்கிறாள் என்று எழுதிக்கொண்டார். தொட்டில் கயிறு இரண்டு தடவை அறுந்தது, மாமி மீன்பிடி வள்ளத்துக் கயிற்றை வாங்கிக் கட்டினாள். என்னால் உடைகிற வீட்டில் இதையெல்லாம் யார் தனியாக யோசிப்பார்கள்? அவளைத் தூக்கினால் எட்டு கிலோப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரிதான் இருந்தது. நான் சொன்னேனே, மனிதர்களுக்குத் தெரியாது.

மாமி ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். பிள்ளை பிழைத்து முதல் பிறந்தநாளைக் கண்டால் அவள் எடைக்கு எடை உப்பு மாதாவுக்கு. எங்கள் பக்கத்தில் உப்புதான் வழக்கம், உப்பளத்து முத்துவாரப்பன் அண்ணாச்சி அதற்கென்றே பழைய பெரிய தராசு வைத்திருக்கிறார். மதம் வேறானாலும் நேர்ச்சைத் தராசை அவர்தான் கொண்டுவருவார், அவர் கையால்தான் அள்ளிப் போடுவார், தட்டில் ஒருமுறை விழுந்த உப்பைத் திரும்ப எடுக்க மாட்டார். மாதா கோயில் முற்றத்து வேப்பமரத்தில் தராசைக் கட்டினார்கள். ஒரு தட்டில் மாமி தன் கல்யாணச் சேலையை மடித்து விரித்தாள், நான் செராவை அதில் உட்காரவைத்தேன், அவளுக்கு வெள்ளைக் கவுனும் பூப்போட்ட தொப்பியும். தட்டு ஒரே இறக்கமாக இறங்கி நின்றது.

அண்ணாச்சி எட்டுக் கிலோ போட்டார். அசையவில்லை.

“இறுகிருச்சு போல” என்று தராசுக் கோலைத் தட்டினார். இன்னும் ஐந்து போட்டார். இன்னும் பத்து. ஐம்பது கிலோ மூட்டையைக் கவிழ்த்தார். அசையவில்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. “மாதா வட்டி போட்டுக் கேக்கா” என்றாள் பிளாரன்ஸ் அக்கா. மாமி சிரித்தபடி, “போடுங்க அண்ணாச்சி, கேக்குறதைக் குடுப்போம்” என்றாள். இரண்டாவது மூட்டை. மூன்றாவது. வேப்பங்கிளை முறுகி இலை உதிர்ந்தது. செராவின் தட்டு அசையவில்லை. சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை, ஒரு கட்டத்தில் உப்பு விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். தட்டின் விளிம்பில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது, சேலை விலகி, அது செராவின் தொடையில் ஏறிவிட்டது. வெள்ளைக் கவுனில் ஒரு சொட்டு ரத்தம் பரவியது. செரா குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்தாள், கண்ணை அகலத் திறந்தாள், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. தட்டு இன்னும் ஒரு விரக்கடை இறங்கியது.

அது என் முகம். ஒரு வயதுப் பிள்ளையின் உடம்பில் என் முகம்.

அவள் அழ வாய் திறந்த ஒவ்வொரு தடவையும் நான் என்ன செய்தேன் என்று எனக்கு அப்போதுதான் வரிசையாக வந்தது. அழுகிற பிள்ளை மூச்சடக்கி நீலமாகும் என்ற பயத்தில் ஓடுவேன், வெளிறின முகத்தோடு அவள்மேல் குனிந்து, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று அவள் வாயை என் தோளில் அழுத்திக்கொள்வேன். அவள் நிறுத்திவிடுவாள். என் முகத்தைப் பார்த்து, என்னைக் காப்பாற்றுவதற்காக நிறுத்தியிருக்கிறாள். யாரும் பதக்கம் குத்தவில்லை, அவளாகவே கற்றுக்கொண்டாள்.

“மாமி” என்றேன். மறுபடி, “மாமி, நான் தூங்கிட்டேன்” என்றேன். யாருக்கும் புரியவில்லை. “பெட்டில இருந்தப்ப. மூணாம் நாள். நான் தூங்கிட்டேன், இவளுக்கு மூச்சு நின்னுபோச்சு, நான் பாக்கல, நர்ஸ்தான் பாத்தா, நான் நல்லா இல்ல மாமி, நான் அன்னைலருந்து தூங்கல, எனக்குப் பயமா இருக்கு.” கோயில் முற்றத்தில் அத்தனை பேர் நடுவில், பெருநாள் சேலை கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக.

மாமி அப்படியே பிரிக்காத ஒரு உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். “தெரியும்ட்டி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நர்சு அன்னைக்கே சொல்லிட்டா. பொறவு எதுக்கு நேர்ச்சை வெச்சேங்குற? நீ சொல்லுவ, சொல்லுவன்னு நானும் ஒரு வருசமாப் பாக்குதேன். நீ வாயே தொறக்கல. நானாக் கேட்டா நீ ஒடைஞ்சிருவியோன்னு...” அவளுக்கு அடியிலிருந்த மூட்டையின் தையல் விட்டு உப்பு பொலபொலவென்று கொட்டியது.

நான் செராவிடம் போனேன். தூக்கவில்லை. தூக்கக் கூடாது என்று யார் சொன்னது என்று தெரியாது. கம்பியை விலக்கிவிட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, “வலிக்குதுல்ல செரா. அழு” என்றேன். “அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. அழு.”

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய் இன்னும் திறந்தது, கண் மூடியது, முகம் சிவந்து, சிவப்பு கறுத்து, உதட்டைச் சுற்றி நீலம் வந்தது. மூச்சு இல்லை. அதே நீலம். என் கை அவள் வாய்க்குப் போனது, பாதி வழியில் அதை நானே மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். அருள் நிறைந்த மரியே என்று யாரோ தொடங்கினார்கள். கர்த்தர் உம்முடனே என்றார்கள். பெண்களுக்குள் என்றார்கள். பாதியைத் தாண்டிவிட்டது. நான் செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு செரா அழுதாள்.

ஒரு வருடத்து அழுகை அது, தடுப்பூசி அழுகையும் பசி அழுகையும் பல் முளைத்த அழுகையும் முறைவைத்துக்கொண்டு வந்தன. கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின, பின்பக்க உப்பளத்தில் வேலை செய்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவள் தட்டு மெல்ல எழும்பி, பிறகு வேகமாக எழும்பி, நான் பாய்ந்து அவளை அள்ளிக்கொண்ட நேரத்தில் எதிர்த்தட்டு தரையில் மோதி மூன்று மூட்டை உப்பும் முற்றம் முழுக்கப் பரந்தது. “மாதாவுக்கே காதடைச்சிருக்கும்” என்றாள் பிளாரன்ஸ் அக்கா. அவள் கண் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அண்ணாச்சி ஒரு மணிநேரம் கழித்து, இன்னும் விக்கிக்கொண்டிருந்த செராவை மறுபடி நிறுத்தார். எட்டுக் கிலோ நானூறு. அது மாதாவுக்குப் போனது. மிச்சம் தட்டில் விழுந்த உப்பு, அவர் திரும்ப வாங்க மாட்டார், ஆகவே தெரு பங்குபோட்டுக்கொண்டது, எல்லார் வீட்டுப் பரணிலும் இன்னும் இருக்கிறது. அந்த உப்பு போட்டுச் சமைத்தவர்கள் சாப்பிடும்போது ஏதாவது உளறிவிடுகிறார்கள் என்று கேள்வி. சண்முகக்கனி டீச்சர் புருஷனிடம் என்ன சொன்னாரோ, இரண்டு நாள் அங்கன்வாடி திறக்கவில்லை.

நான் ஒரே நாளில் இலேசாகிவிடவில்லை. ஏலக்கூடத்தில் நூற்று நாற்பது என்று காட்டியது, போன வாரம் நூற்றுப் பத்தொன்பது. மத்தியானம் பிளாரன்ஸ் அக்காவும் மாமியும் முறைவைத்து செரா பக்கத்தில் உட்காருகிறார்கள், நான் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறேன்; முதல் நாள் தூங்கி எழுந்தபோது பயத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், செரா அங்கே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

நேற்று கப்பலிலிருந்து அவர் பேசினார். பின்னால் செரா கத்திக்கொண்டிருந்தாள்.

“அது என்ன சத்தம்?”

“உங்க மக அழுறா.”

“அழுறாளா?” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “நீ எப்படி இருக்க?”

“நல்லா இல்லங்க” என்றேன். பெட்டியில் நடந்ததைச் சொன்னேன். தராசில் நடந்ததைச் சொன்னேன்.

“ஜெசி” என்றார். “நானும் நல்லா இல்லட்டி. பிள்ளையை ஒரு தடவை கூடத் தூக்கல. அடுப்புப் பக்கத்துல நின்னு அழுவேன், வெங்காயம்னு சொல்லிருவேன்.”

இன்றைக்குக் காலையில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆபீசர் சரக்குச் சீட்டையெல்லாம் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். கப்பல் ஒரு விரக்கடை எழும்பியிருக்கிறது, எதையும் இறக்கவில்லை, யாருக்கும் காரணம் தெரியவில்லை. கப்பலில் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். இன்னும் மூன்று விரக்கடை பாக்கி.

இதை எழுதுகிற இந்த நேரத்தில் என் இடது கை அவள் நெஞ்சில் இல்லை, நோட்டு நகராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பயம் போகவில்லை. அதோ, உள்ளே செரா அழுகிறாள். எழுந்து போகிறேன். ஓடாமல், நடந்து.